மார்ஸ் முதல் பி-17 வரை: காட்டுத்தீக்குப் போன போர் விமானங்கள்

#1 – சிவப்புச்சிறகு (வான்கூவர் தீவு)

வணக்கம் நண்பர்களே.

போன வாரம் குடும்பத்தோடு விக்டோரியா பக்கத்தில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா விமான அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். ஏரியில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் காட்டுத்தீயில் கொட்டிய ஹவாய் மார்ஸ் விமானம் இப்போது அங்கேதான் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 11-இல் கடைசியாகப் பறந்து அங்கே வந்து இறங்கியது. கனடா விமானப்படையின் ஸ்னோபேர்ட்ஸ் குழு இரண்டு பக்கமும் துணைக்குப் பறந்து வந்தது, பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அந்த விமானத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 2015 ஜூலையில் ஸ்ப்ரோட் ஏரிக்கரையில் இருந்த டாக் மவுண்டன் பற்றி எரிந்தபோது, எதிர்க்கரையில் நின்று இதைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாக மலை இடுக்கிலிருந்து தாழ இறங்கி வந்தது. அடிவயிறு தண்ணீரைத் தொட்டதும் இரண்டு பக்கமும் நுரை சீறியது. நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. ஏரியை உழுதுகொண்டே போனது. போகப் போக இன்ஜின் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. அரை நிமிஷம் இருக்கும், மறுபடி மேலே எழுந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் 27,000 லிட்டர் வயிற்றுக்குள் போயிருக்கிறது! பிறகு மலைச்சரிவை ஒட்டி வந்து மொத்தத்தையும் கொட்டியது. கொட்டின இடத்தில் பழுப்புப் புகை வெள்ளையாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். கரையில் நின்ற எல்லாரும் கை தட்டினோம். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா அழுதுகொண்டிருந்தார், அவர் வீடு அந்தக் கரையில்தானாம்.

இறக்கை நுனிக்கு நுனி 61 மீட்டர். முதன்முதலில் வந்த ஜம்போ 747-ஐ விட அகலம். அடியில் போய் நின்றால் பந்தல் போட்ட மாதிரி நிழல் விழுகிறது.

என் பையனுக்கு ஒன்பது வயது. "அப்பா, இது சண்டையில குண்டு போட்ட விமானமா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியா என்று சந்தேகமாகவே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர் விமானங்கள் எப்படித் தீயணைப்புக்கு வந்தன?

#2 – ஏர்ஃப்ரேம் முருகேசன்

தம்பி, பையனிடம் கொஞ்சம் திருத்திச் சொல்லிவிடுங்கள். மார்ஸ் குண்டு போட்டதில்லை. கடற்படைக்கு ரோந்துக் குண்டுவீச்சு விமானமாகத்தான் முதலில் வரைந்தார்கள். முதல் மாதிரி 1942-இல் பறந்தது. ஆனால் பால்டிமோரில் இருந்த மார்ட்டின் நிறுவனம் அதை வரிசையாகக் கட்டத் தொடங்குவதற்குள் கடற்படைக்குத் தேவை மாறிவிட்டது. அதனால் சரக்கும் ஆளும் ஏற்றும் விமானமாக மாற்றினார்கள். உங்கள் ஹவாய் மார்ஸ் 1946-இல் வந்தது. பத்து வருஷம் பசிபிக் மேலே சரக்கு அடித்துவிட்டு 1956-இல் ஓய்வு. பழைய இரும்புக்குப் போகவேண்டிய நேரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து, மிச்சமிருந்த நான்கையும் 1959-இல் வாங்கின. டான் மெக்கைவர் என்ற விமானிதான் விடாப்பிடியாக நின்று அந்த யோசனையைச் சாதித்தவர்.

நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைச் சோதித்துப் பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பார்வையில் பதில் இது. குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றைத் திறந்து பாருங்கள். குண்டு அறை சரியாக இறக்கைக்குக் கீழே, விமானத்தின் எடை மையத்தில் இருக்கும். ஏன்? குண்டு விழுந்ததும் சில டன் ஒரே நொடியில் குறையும். அந்த எடை முன்னாலோ பின்னாலோ இருந்தால், விழுந்த கணமே மூக்கு தூக்கும் அல்லது வால் தூக்கும். இதைப் படிப்படியாகச் சோதித்து, அதற்கென்றே கட்டின உடம்பு அது. அதே அறையில் குண்டுக்குப் பதில் ஒரு டாங்கியை மாட்டினால் பாதி வேலை முடிந்தது. கதவு ஏற்கெனவே இருக்கிறது. இறக்கைக்கு வலு இருக்கிறது. தாழ்வாக, மெதுவாகப் பறக்கவும் இழுவைக்கும் ரேடியல் இன்ஜின் இருக்கிறது.

விலையையும் பாருங்கள். போர் முடிந்ததும் அரிசோனாவின் கிங்மன் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தி விற்றார்கள். கட்ட இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆன பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு அரசு போட்ட விலை 13,750 டாலர். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

#3 – கார்த்திகா (சாக்ரமெண்டோ)

முருகேசன் சார் சொன்னதோடு சேர்த்து கலிபோர்னியா பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். நான் இருக்கும் ஊரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வில்லோஸ் என்று ஒரு சின்ன ஊர், சுற்றிலும் நெல் வயல். எல்லாம் தொடங்கினது அங்கேதான்.

1953 ஜூலை 9-ஆம் தேதி, மெண்டோசினோ காட்டில் ராட்டில்ஸ்நேக் தீ. இரவில் காற்று திடீரென்று திரும்பி, பள்ளத்தாக்கில் இருந்த 15 தீயணைப்பாளர்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காட்டில் தீ தடுப்பு அதிகாரியாக இருந்த ஜோ ஈலி, வில்லோஸில் வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் வைத்திருந்த ஃப்ளாய்ட் நோல்டாவிடம் போய், விமானத்திலிருந்து தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்டார். நோல்டா ஒரு ஸ்டியர்மன் இரட்டைத்தட்டு விமானத்தின் வயிற்றில் ஓட்டை போட்டு, கயிற்றை இழுத்தால் திறக்கிற மாதிரி ஒரு கதவை வைத்தார். டாங்கி சுமார் 640 லிட்டர்தான். 1955 ஆகஸ்டில் மெண்டன்ஹால் தீயில் அவருடைய சகோதரர் வேன்ஸ் நோல்டா அதை ஓட்டிப்போய் ஊற்றினார். அடுத்த வருஷம் அதே மாதிரி ஏழு விமானம் தயார்.

அதற்கு முன்பும் முயற்சி நடந்தது. 1947-இல் மொண்டானாவில் ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தையும் பி-47 தண்டர்போல்ட் (P-47) போர் விமானங்களையும் கொண்டு, தண்ணீர் நிரப்பின டாங்கிகளை குண்டு மாதிரியே போட்டுப் பார்த்தார்கள். தண்ணீரோடு சேர்ந்து கனமான உலோகமும் மேலிருந்து விழும், கீழே ஆள் இருந்தால் என்ன கதி? 1954-இல் கேம்ப் பெண்டில்டனில் ஒரு அவெஞ்சர் விமானத்திலிருந்து தண்ணீரை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் வழி தெளிந்தது.

அப்புறம் அவெஞ்சர், கேட்டலினா, பி-17, பிரைவட்டீர், ஏ-26 என்று போர்க்கால விமானங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பி-17-இல் ஏழாயிரம் லிட்டர் வாக்கில் பிடிக்கும். அந்தக் காலத்து ஆட்கள் இவற்றை "போரேட் பாமர்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கலந்தது போரேட் உப்பு. அது விழுந்த மண்ணில் புல்கூட முளைக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

#4 – செங்குன்றம் இளங்கோ

கார்த்திகா அக்கா கேட்டலினா என்று எழுதினதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ஏரியில் நின்ற விமானம் அது! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன் செங்குன்றம் ஏரியிலிருந்துதான் கேட்டலினாக்களை ஓட்டியது. என் தாத்தா சின்ன வயதில் கரையில் நின்று பார்த்ததைச் சொல்லுவார். "படகு மாதிரி மிதக்கும், திடீர்னு கொக்கு மாதிரி கிளம்பிடும்" என்பார். அந்த ரக விமானம் பின்னாளில் காட்டுத்தீ அணைத்தது என்று தெரிந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு சந்தேகம். வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா? தீயணைப்பு விமானங்கள் கொட்டுகிற அந்தச் சிவப்புக் கலவை எதற்கு?

#5 – கார்த்திகா (சாக்ரமெண்டோ)

இளங்கோ, தண்ணீரும் கலவையும் ஒரே வேலை செய்வதில்லை. தண்ணீரை நேராகத் தீயின் மேலேயே ஊற்றுவார்கள். சூட்டைக் குறைக்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். சிவப்புக் கலவையைத் தீயின் மேல் போடமாட்டார்கள். தீ வரப்போகிற வழியில் கோடு இழுத்த மாதிரி போடுவார்கள். அதில் முக்கியமான சரக்கு அம்மோனியம் பாஸ்பேட், கிட்டத்தட்ட உரம்தான். தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு இலையிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டு, எரிவதைத் தாமதப்படுத்தும். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு. எங்கே போட்டோம் என்று அடுத்த விமானிக்குத் தெரியவேண்டுமே.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். வெறும் கரைசலை அந்த வேகத்தில் விட்டால் காற்று அதைத் தூறலாக்கிச் சிதறடித்துவிடும். கூழ் மாதிரி கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் கட்டியாக வந்து விழும். அதற்குப் பல கலவைகளில் சேர்ப்பது குவார் பிசின், அதாவது நம் கொத்தவரை விதையிலிருந்து எடுப்பது. உலகத்திலேயே அதிகமாக விளைவது ராஜஸ்தான் பக்கம்.

#6 – வடலி (டொரோண்டோ)

எல்லாருக்கும் வணக்கம். இளங்கோ தம்பி செங்குன்றத்தைச் சொன்னபடியால் நானும் ஒண்டு சொல்லவேணும். 1942 ஏப்ரல் 4, காலிக்குப் பக்கத்தில கொக்கலவில இருந்து கிளம்பின கேட்டலினா ஒண்டுதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பான் கடற்படையைக் கண்டது. ஓட்டினவர் லெனார்ட் பேர்ச்சல், கனடாக்காரர். செய்தியை அனுப்பிக்கொண்டு இருக்கேக்கயே சுட்டு வீழ்த்திப் போட்டாங்கள். ஆள் பிழைச்சு, கைதியாகிப் போனார். மற்ற நாள் கொழும்பில குண்டு விழுந்தது, ஆனா ஆக்கள் ஆயத்தமா இருந்தவை. அதே ரகக் கேட்டலினாக்களைக் கனடாவிலும் கட்டினவை, இஞ்ச அதுக்குக் கான்சோ எண்டு பேர். போர் முடிஞ்ச பிறகு கியூபெக், நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஏரியில தண்ணி அள்ளித் தீயில ஊத்தினது அதுகள்தான். பிரான்ஸும் 1963-இல கேட்டலினாவோடதான் தொடங்கினது.

நியூ பிரன்ஸ்விக்கில அவெஞ்சர்கள் கன வருஷம் பறந்தவை. போர்க்கப்பல்களுக்கு டார்பிடோ போடக் கட்டின விமானம், இஞ்ச ஸ்ப்ரூஸ் மரத்து மொட்டுப் புழுவுக்கு மருந்தடிச்சுது, தீயும் அணைச்சுது. 2000-க்குப் பிறகும் வேலை செய்தது எண்டால் பாருங்கோ.

இந்தப் பழசுகளைப் பாத்துப் பாத்துத்தான் கனடேர் நிறுவனம் தண்ணி அள்ளுறதுக்கெண்டே சிஎல்-215 எண்ட விமானத்தைச் செய்தது. 1967 ஒக்டோபரில முதல் பறப்பு.

#7 – தொல்பொருள் நேசன்

எல்லாரும் பாராட்டுகிறீர்கள், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பி-17 மொத்தம் 12,731 கட்டினார்கள். இன்று மிஞ்சியது ஐம்பதுக்கும் குறைவு. அப்படிப்பட்ட வரலாற்றுப் பொருளை உள்ளேயிருந்த துப்பாக்கி மேடை, கவசம் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, டாங்கியை மாட்டிப் புகைக்குள் ஓட்டி மோதவிட்டார்கள். நியாயமா?

#8 – ஏர்ஃப்ரேம் முருகேசன்

நேசன் ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தீயணைப்புக்குப் போகாதவை என்ன ஆயின? கிங்மனில் உருக்கி அலுமினியக் கட்டியாக்கினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் பி-17-களில் நிறைய தீயணைப்பிலிருந்து வந்தவை. லண்டன் ஹெண்டனில் இருப்பது அப்படித்தான். அரிசோனாவில் பறக்கிற 'செண்டிமெண்டல் ஜர்னி'யும் அப்படித்தான். இன்ஜின், டயர், உதிரிப்பாகம், ஓட்டத் தெரிந்த ஆள் எல்லாம் எண்பதுகள் வரை பிழைத்திருந்தது தீயணைப்புக் கம்பெனிகளால்தான்.

'நைன்-ஓ-நைன்' என்ற பெயரோடு பறந்த பி-17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மூன்று வெடிப்பைத் தாங்கின விமானம் அது. கதிர்வீச்சு அடங்க பதின்மூன்று வருஷம் பாலைவனத்தில் கிடந்தது. பிறகு பழைய இரும்பு விலைக்கு வாங்கிச் சரிசெய்து, இருபது வருஷம் தீயணைத்தார்கள். அதற்குப் பிறகுதான் போர்க்கால வண்ணம் பூசி ஊர் ஊராகக் காட்டினார்கள். அந்த வண்ணமும் பெயரும் இன்னொரு விமானத்துடையவை. 2019 அக்டோபர் 2-இல் கனெக்டிகட்டில் விழுந்து ஏழு பேர் போனார்கள்.

#9 – தொல்பொருள் நேசன்

ஒப்புக்கொள்கிறேன், தப்பிப் பிழைத்தது அதனால்தான். ஆனால் விழுந்தவற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே.

#10 – ஏர்ஃப்ரேம் முருகேசன்

பேசவேண்டியதுதான். மரக் கம்பெனிகள் வாங்கின நான்கில் ஒன்றான மரியானாஸ் மார்ஸ், தீயணைப்புக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே, 1961 ஜூன் 23-இல் மலையில் மோதி அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அடுத்த வருஷம் இன்னொன்றான கரோலைன் மார்ஸைப் புயல் அடித்து நாசமாக்கியது. நான்கு இரண்டாகிவிட்டது. அதோடு கைவிடாமல் மிச்ச இரண்டை ஐம்பது வருஷம் ஓட்டினார்கள்.

2002-தான் எனக்குத் தூக்கம் கெடுத்த வருஷம். ஜூன் 17, கலிபோர்னியா வாக்கர் என்ற இடத்தில் சி-130ஏ ஒன்று கலவையைக் கொட்டிவிட்டு மேலே எழும்போது இரண்டு இறக்கையும் மடிந்து பிய்ந்தது. மூன்று பேர். அது ஐம்பதுகளில் கட்டின சரக்கு விமானம், இந்த இழைக்குள் வராது. ஆனால் ஒரு மாதம் கழித்து, ஜூலை 18, கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் பக்கம் பிரைவட்டீர் ஒன்றின் இடது இறக்கை வானத்திலேயே கழன்றது. அதுதான் போர்க்காலக் குண்டுவீச்சு விமானம். இரண்டு பேர்.

விசாரணை அறிக்கையைப் படித்தேன். இறக்கையின் முன் ஸ்பாரில், அதாவது வீட்டுக்கு உத்திரம் மாதிரி இறக்கையைத் தாங்குகிற பாகத்தில், உலோகச் சோர்வால் விரிசல் இருந்திருக்கிறது. அது ஏன் கண்ணில் படவில்லை தெரியுமா? கலவை டாங்கி அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குண்டு அறை இருந்ததால்தான் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த அறைக்குள் வைத்த டாங்கியே விரிசலுக்குத் திரை போட்டுவிட்டது.

விரிசல் என்றால் பிளவு மாதிரி கற்பனை பண்ணாதீர்கள். ரிவெட் துளையின் விளிம்பில் ஆரம்பிக்கும், தலைமுடியை விட மெல்லிசு. நாங்கள் இடத்தைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தடவி ஊறவிட்டு, மேலே துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடிப்போம். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் கசிந்து ஒரு சிவப்புக் கீற்றாக மேலே வரும். அதைப் பார்த்த கணம் வயிறு கலங்கும். என் வாழ்க்கையில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் அந்த விமானம் ஹேங்கரை விட்டு வெளியே போகவில்லை. எங்கே பார்க்கவேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். போருக்குக் கட்டின விமானம் சில நூறு மணி நேரம் பறந்தாலே பெரிய விஷயம் என்று நினைத்துக் கட்டியது. ஐம்பத்தேழு வருஷம் கழித்து எங்கே விரிசல் விடும் என்று யார் எழுதி வைத்திருப்பார்கள்?

அதுவும் எப்படிப்பட்ட பறப்பு? மலைச்சரிவை ஒட்டி, தீ கிளப்புகிற சூட்டுக் காற்றின் உதறலில், தரைக்கு மேலே ஐம்பது அறுபது மீட்டரில். முழுப் பாரத்தோடு இறங்கு, ஒரே நொடியில் பாரத்தை விடு, உடனே மூக்கைத் தூக்கு. ஒவ்வொரு முறையும் இறக்கை வளைந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அதேதான்.

#11 – கார்த்திகா (சாக்ரமெண்டோ)

படித்து முடித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை சார். அந்த வருஷமே பிரைவட்டீரும் சி-130ஏ-யும் நிரந்தரமாகத் தரையில் நிறுத்தப்பட்டன. 2004 மே மாதம் அமெரிக்க வனத்துறை 33 பெரிய தீயணைப்பு விமானங்களின் ஒப்பந்தத்தை ஒரே நாளில் ரத்து செய்தது. கோடை தொடங்குகிற நேரம். இங்கே பலர் கோபப்பட்டார்கள். இந்த மாநிலத்தில் தீ எப்படிப் பரவும் என்று தெரிந்தவள் நான், ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன். இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே எடுத்திருக்கவேண்டும். வீட்டைக் காப்பாற்ற வருகிறவரை, சோதித்துப் பார்க்காத இறக்கையில் ஏற்றி அனுப்ப நமக்கு உரிமை கிடையாது.

#12 – சிவப்புச்சிறகு (வான்கூவர் தீவு)

அக்கா சொல்வதில் மறுப்பில்லை. ஆனால் மார்ஸை நிறுத்தியது பாதுகாப்புக் காரணத்துக்காக இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். 2013-க்குப் பிறகு மாகாண அரசு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2015-இல் மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தின பிறகு ஒரு மாதத்துக்குக் கூப்பிட்டார்கள், நான் பார்த்தது அப்போதுதான். 27,000 லிட்டர் ஊற்றுகிற விமானம் கண்முன்னே ஏரியில் மிதக்கும்போது ஏன் வேண்டாம் என்றார்கள்?

#13 – வடலி (டொரோண்டோ)

தம்பி, அரசு சொன்ன கணக்கிலும் ஞாயம் இருக்கு. மார்ஸ் இறங்கித் தண்ணி அள்ள நீளமான பெரிய ஏரி வேணும். மாகாணத்தில அப்படி 113 நீர்நிலைதான். ஃபயர் பாஸ் மாதிரிச் சின்ன விமானத்துக்கு 1,700-க்கு மேல. அதில மூவாயிரம் லிட்டர்தான் பிடிக்கும், ஆனா தீக்குப் பக்கத்துக் குளத்திலயே அள்ளி அள்ளி ஊத்தலாம். மார்ஸ் தூர ஏரிக்குப் போய் வாறதுக்குள்ள அது எத்தினை தரம் ஊத்திப் போடும். நெருப்பு சின்னனா இருக்கேக்க ஊத்தின ஒரு வாளி, பெருத்தாப் பிறகு ஊத்துற பத்து வாளிக்குச் சமன்.

#14 – சிவப்புச்சிறகு (வான்கூவர் தீவு)

அண்ணை, ஸ்ப்ரோட் ஏரிக்கரையிலேயே தீ வந்தபோது அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ஆனால் மாகாணம் முழுவதற்கும் என்று பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. இத்தனை நாள் அதை அப்படி யோசித்ததில்லை.

#15 – தொல்பொருள் நேசன்

இந்த இழையில் நிறையக் கற்றுக்கொண்டேன். என் பழைய கருத்தையும் மாற்றிக்கொள்கிறேன். இப்போது எனக்கு வேறொரு குறை. பிலிப்பைன் மார்ஸை 2025-இல் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். போகும் முன் சிவப்பு வெள்ளையை எல்லாம் எடுத்துவிட்டு அமெரிக்கக் கடற்படையின் கருநீலம் பூசிவிட்டார்கள். கடற்படையில் இருந்தது பத்து வருஷம். தீயணைத்தது அதைப் போல் பல மடங்கு. பி-17-களும் அப்படித்தான்: வாலில் இருந்த தீயணைப்பு எண்ணை அழித்து, ஏதோ ஒரு ஸ்குவாட்ரன் முத்திரையைப் போடுகிறார்கள். பார்க்க வருகிற குழந்தைக்கு அது குண்டு போட்டது மட்டும்தான் தெரியும். உங்கள் பையன் கேட்ட கேள்வியே அதற்குச் சாட்சி.

#16 – ஏர்ஃப்ரேம் முருகேசன்

இதை நூறு சதவீதம் ஆமோதிக்கிறேன் ஐயா. அந்தச் சிவப்பு வண்ணத்துக்குள் ஐம்பது வருஷம் மெக்கானிக்குகளின் கை இருக்கிறது. மரியானாஸில் போன நான்கு பேரும் இருக்கிறார்கள்.

சிவப்புச்சிறகு தம்பி, ஹவாய் மார்ஸில் சிவப்பு வெள்ளை அப்படியே இருக்கிறதா? அடுத்த முறை போனால் அடிவயிற்றைப் படம் எடுத்துப் போடுங்கள். தண்ணீர் உள்ளே போகிற வாயும், கொட்டுகிற கதவுகளும் பார்க்கவேண்டும். கதவைச் சுற்றியிருக்கிற ரிவெட் வரிசையை எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் எடுங்கள்.

#17 – சிவப்புச்சிறகு (வான்கூவர் தீவு)

அப்படியே இருக்கிறது சார், சிவப்பும் வெள்ளையும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். பையனிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். "அப்போ இது யார் மேலயும் குண்டே போடலையா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான். ரிவெட் படங்களை அவனே எடுக்கிறானாம்.